பதினொரு சிமிழ் பால்

ஃபெர்டன் மைதானம். விடிய இன்னும் நேரமிருக்கிறது.
மட்டக்குதிரைக் கொட்டகையில்
எனக்குப் பிடரி பின்னும் வேலை.
ஒரு பிடரிக்கு முப்பத்தைந்து யூரோ.
பதினைந்து பின்னல்,
ஒவ்வொன்றையும் சுருட்டி
வெள்ளை ரப்பர் வளையம்.
கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்,
சனி ஞாயிறு இது.

ஹோலுண்டருக்குப் பன்னிரண்டு வயது, சாம்பல் நிறம்.
பின்னும்போது என் சட்டைப்பைக்குள் மூக்கை விட்டு
ஆப்பிள் துண்டைத் திருடும்.
இன்று திருடவில்லை.
முன்னங்கால்களை மாற்றி மாற்றித்
தூக்கி வைத்துக்கொண்டிருந்தது,
உச்சி வெயிலில் தார் ரோட்டில்
செருப்பறுந்தவனைப் போல.

குனிந்து தடவினேன்.
முழங்காலுக்குக் கீழே பிசுபிசுப்பு.
கற்பூர வாசம். அதற்கடியில் இன்னொன்று.
ஈயை விரட்டிய விரல் இமையில் பட்டதும்
கண் பற்றிக்கொண்டது.

மிளகாயை எனக்கா தெரியாது?
வருடம் இரண்டு முறை
அடுப்படி ஜன்னலைத் திறந்துவைத்துத்
தூள் வறுக்கிற கை இது.
இடுப்புப் பிடிப்புக்கு என் கணவர் பூசும்
மருந்துக்கடைக் களிம்பிலும் இதே எரிவுதான்.
அவர் பூசிக்கொண்டு சோபாவில் சாய்வார்.
இது பூசிக்கொண்டு தாண்ட வேண்டும்.
எரிகிற தோலில் கம்பு உரசினால் உயிர் போகும்.
அதற்குப் பயந்து ஒரு சாண் கூடுதலாக எழும்பும்.
அந்த ஒரு சாணுக்குத்தான் கைதட்டல்.

அறிவுகளில் முதலாவது தொட்டறிவது என்பார்கள்.
புல்லுக்கும் அது உண்டு.
மிச்சமெல்லாம் அதன் தோளில் ஏறி நிற்பவை.
ஆறாவதும் வாய்த்த ஒருவர்
தேடிப் பிடித்து
அந்த முதலாவதில் கைவைத்திருக்கிறார்.

அவரே வந்தார், காப்பியோடு. ஹார்ட்விக் ப்ரூன்ஸ், பயிற்சியாளர்.
"கண் ஏன் சிவந்திருக்கிறது?"
"தூசி" என்றேன்.
முப்பத்தைந்து யூரோ என் வாயைச் சுருட்டி
வளையம் மாட்டியது.
நான் கேட்காமலே சொன்னார்:
"கால் கொஞ்சம் விழிப்பாக இருக்கட்டும், அவ்வளவுதான்.
என் அப்பா காலத்தில்
தாண்டும்போதே கம்பைத் தூக்கிக் காலில் அடிப்பார்கள்.
நான் ஒருநாளும் அடித்ததில்லை."

அவர் போனதும் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடினேன்.
காரத்துக்குத் தண்ணீர் ஆகாது, பால்தான்.
காப்பிக்கு ஊற்றும் சின்னச் சிமிழ்கள்
கூடையில் பதினொன்று இருந்தன.
ஒவ்வொன்றாக உரித்துக் காலில் ஊற்றித்
துணியால் வழித்தெடுத்தேன்.
ஏழாவதில் ஒரு நீண்ட மூச்சு விட்டது.
பதினொன்றும் தீர்ந்தபோது
என் சட்டைப்பைக்குள் மூக்கு.

ஒன்பது மணிக்கு இம்கே ஏறினாள். பதினோரு வயசு.
இரண்டு கம்பு விழுந்தது.
இறங்கிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.
என் பின்னலில் இரண்டு அவிழ்ந்து
அவள் மூக்கில் உரசின.
அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?
அவள் முகத்தை இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன்.
இரண்டுமே பொருந்தியது.

பிறகு பரிசோதகர் வந்தார்.
கையுறை போட்டு, முன்னங்கால்களைப் பஞ்சால் துடைத்து,
உறையிலிட்டு, முத்திரை வைத்தார்.
ப்ரூன்ஸின் காப்பிக் கோப்பை
பாதி வழியில் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
அந்தப் பஞ்சில் என்ன இருக்கும்?
பால்.
இரக்கப்பட்ட கைதான்
இருந்த ஒரே சாட்சியையும் கழுவிவிட்டது.
குதிரைக்கு ஒரு காலை நேரம் தப்பியது,
அவருக்கு ஒரு வருடம்.

கூலியை எண்ணித் தந்தார்.
"அடுத்த சனி ஓல்டன்பர்க்" என்றார்.
கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த
புகார் எண்ணை
எழுதக் காகிதம் இல்லாமல்
அவர் தந்த இருபது யூரோ நோட்டின்
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இன்று புதன்.
நகக்கண்ணில் எரிச்சல் இன்னும் போகவில்லை.
காய்கறிக் கடையில் அந்த நோட்டை நீட்டப்போய்
மடித்து உள்ளே வைத்துவிட்டு
அட்டையில் கட்டினேன்.